கோ எஃப்எஸ் 31 தீவனச் சோளம்: போர் தண்ணி கம்மியா இருக்குற வேலூர்க்காரங்களுக்கு ஒரு ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிடறேன். உங்க போர்ல தண்ணி நிக்காம கொட்டுது, எருவுக்கும் பஞ்சம் இல்லன்னா கம்பு நேப்பியர் புல்லே போட்டுக்குங்க, இந்த சோளத்துப் பக்கம் வர வேண்டியதே இல்ல. ஆனா அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் எங்கள மாதிரி மோட்டார் போட்டா கொஞ்ச நேரம் ஓடி அப்புறம் காத்து இழுக்குற போர் தான் உங்களுதும், மாடும் மூணு நாலு தான் கீதுன்னா, இத ஒரு 30 சென்ட்ல போட்டு பாருங்க. காசுக்கு மோசம் இல்ல. ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு, அத கீழ விவரமா எழுதி இருக்கேன், வேற எத விட்டாலும் அந்த எடத்த விட்டுடாதீங்க.

இது இன்னா ரகம்னா, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2001ல கோ எஃப்எஸ் 29னு ஒரு மறுதாம்புச் சோளம் விட்டாங்க, டிஎன்எஸ் 30ங்கிற சோளத்தையும் சூடான் புல்லையும் சேத்து எடுத்தது. அதுக்கு காமா கதிர்வீச்சு காட்டி குணத்த மாத்தி, அதுல நல்லதா பொறுக்கி எடுத்தது தான் 31, 2014ல வந்துச்சு. நம்ம ஊர்ல நாத்துச் சோளம்னு ஒண்ணு காலகாலமா போடறோமே, ஒரு தடவ அறுத்தா வேலை முடிஞ்சுது, மறுபடி ஏர் ஓட்டு, மறுபடி விதைன்னு. அது இல்ல இது. இது அறுக்க அறுக்க அடில இருந்து துளுத்துகினே வரும். விதைச்சு 65, 70 நாள்ல மொத அறுப்பு, அப்புறம் 50 நாளைக்கு ஒரு தடவ, வருஷத்துக்கு 6, 7 அறுப்பு. நல்லா பாத்துகிட்டா ரெண்டு மூணு வருஷத்துக்கு அதே கட்டை நிக்கும்.

விளைச்சல்னு அவங்க சொல்றது ஹெக்டேருக்கு வருஷம் 190 டன் பசுந்தீவனம், 29க்கு அது 170. புரதம் 29ல 8.41 சதவீதம், 31ல 9.86. ஹெக்டேர் கணக்கு நம்மளுக்கு புரியாதே, அதனால சென்ட்டுக்கு போட்டு பாத்தேன், சென்ட்டுக்கு வருஷம் 770 கிலோ கிட்ட வருது. அதாவது ஒரு அறுப்புக்கு சென்ட்டுக்கு 110 கிலோ. இது எல்லாமே ஒழுங்கா பண்ணா வர்ற கணக்கு. எங்க செம்மண்ணுல, கையில இருக்குற எருவ வெச்சு, ஒரு சென்ட் அளந்து அறுத்து எடை போட்டா எழுபது எண்பது கிலோ தான் நின்னுச்சு. மார்கழி தையில அதுவும் கொறையும், பனியில சோளம் சுணங்கி நிக்கும், 50 நாள் அறுப்பு 60 நாள் தாண்டி போவும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இருந்தாலும் சொல்றேன், இந்த எழுபது கிலோவே பழைய நாத்துச் சோளத்துக்கு ரொம்ப மேல, ஏன்னா அது ஒரு அறுப்போட சரி.

விதைக்கறது பத்தி. ஏக்கருக்கு 2 கிலோ தான், ஹெக்டேருக்கு 5 கிலோன்னு கணக்கு. விதைய பாத்தா சாப்பாட்டு சோளம் மாதிரி பெருசா இருக்காது, சன்னமா இருக்கும், அதனால ஆழமா போட்டுட்டா மேல வராது. தொழு உரம் கொட்டி நல்லா பொடி பண்ண மண்ணுல, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்கு செடி 15 விட்டு, விரல் நுனியால லேசா கீறி போட்டு மூடினா போதும். கைல வீசுனா ஒரு எடத்துல கொத்தா மொளைக்கும், ஒரு எடம் மொட்டையா கெடக்கும், அப்புறம் கலைக்கறதுக்கு ஆள் கூலி வேற. விதைச்ச அன்னிக்கு ஒரு தண்ணி, மூணாம் நாள் உயிர்த் தண்ணி, அப்புறம் பத்து நாளைக்கு ஒண்ணு. ஒடுகத்தூர் பக்கம் மயில் தொல்லை இருக்குறவங்க மொளைச்சு நாலு இலை வர்ற வரைக்கும் காவல் இருங்க, வரிசையா நடந்து வந்து ஒவ்வொண்ணா பொறுக்கிட்டு போவுது.

மொளைச்ச மொத மாசம் இதுக்கு இருக்குற எதிரி குருத்து ஈ. பயிர் நல்லா பச்சையா தான் இருக்கும், நடு இலை மட்டும் வாடி வெளுத்து நிக்கும். அத புடிச்சு லேசா இழுத்து பாருங்க, எதிர்ப்பே இல்லாம கையோட வந்துடும், அடி நுனி அழுகி ஒரு கெட்ட நாத்தம் அடிக்கும், அதான் அடையாளம். மழை ஆரம்பிச்ச உடனே தாமதம் பண்ணாம விதைச்சா இது கம்மி, லேட்டா போட்டா அதிகம். போனா போவுதுன்னு விட்டாலும் பக்கத்துல இருந்து துளுத்துக்கும், ஒரேடியா அழிக்காது. மாட்டுக்கு போடற பயிருக்கு மருந்து அடிக்க எனக்கு மனசு வரல, அடிக்கறவங்க எத்தினி நாள் கழிச்சு அறுக்கணும்னு கேட்டுட்டு அடிங்க.

இப்ப மாடு தின்றத பத்தி, அதுக்கு தான வாங்கறோம். எங்க வீட்ல முன்ன கோ 4 கம்பு நேப்பியர் இருந்துச்சு, இப்பவும் வரப்போரம் கொஞ்சம் கீது. அத வெட்டி போட்டா இலைய எல்லாம் தின்னுட்டு காலையில கழனித்தொட்டில பாத்தா கட்டை கட்டையா தண்டு மிச்சம் கெடக்கும், அதுவும் நாள் தள்ளி அறுத்துட்டோம்னா பாதிக்கு பாதி வேஸ்ட்டு. இந்த சோளத்துல தண்டு சன்னம், கடிச்சா லேசா இனிப்பு இருக்குது (ஆமா, நானும் கடிச்சு பாத்தேன், கரும்பு அளவுக்கு இல்ல). மெஷின்ல கூட போடாம முழுசா போட்டாலே தொட்டிய நக்கி வெச்சிருக்கும். பூ எடுக்கற பருவத்துல அறுத்தா இப்டி. கதிர் பால் கட்டி முத்திப்போச்சுன்னா இதுவும் தட்டை தான், அப்ப நறுக்கி தான் ஆவணும்.

அறுக்கும்போது தரையோட சேத்து வழிக்காதீங்க, அரை அடிக்கு கொஞ்சம் கம்மியா கட்டை விட்டு அறுங்க. நாலு அஞ்சு நாள்ல அந்த கட்டைய சுத்தி பச்ச முனை தள்ளும், ஒரு கட்டைக்கு பத்து பன்னெண்டு துளுர்கூட எண்ணலாம், மொத அறுப்புல நாலு அஞ்சு தான் இருந்திருக்கும். இந்த ரகத்துல எனக்கு ரொம்ப புடிச்சது இது தான், ரெண்டாவது அறுப்புல இருந்து தான் தோட்டம் தோட்டமா தெரியும். மொத அறுப்ப வெச்சு இது வேஸ்ட்டுன்னு ஏர் ஓட்டிடாதீங்க. அறுத்த ஒடனே தண்ணி கட்டி யூரியா வைக்கணும், ஏக்கருக்கு 40 கிலோ கிட்ட வரும் ஒவ்வொரு அறுப்புக்கும், 30 சென்ட்டுன்னா 12 கிலோ. இந்த செலவ யாரும் கணக்குல சொல்றதில்ல. சாணிய கரைச்சு தண்ணியோட விட்டா யூரியாவ கொறைச்சுக்கலாம், நாங்க அப்டி தான் பண்றோம், மாடு கட்டற எடத்துல இருந்து ஒரு சின்ன வாய்க்கா வெட்டி விட்டிருக்கோம்.

நேப்பியரோட ஒப்பிடாம இந்த ரிவ்யூ முடியாது. கோ பிஎன் 5னு 2012ல வந்தது ஹெக்டேருக்கு 360 டன்னு சொல்றாங்க, புரதம் 14 சதவீதம். காகிதத்துல பாத்தா இந்த சோளம் அதுங்கிட்ட நிக்கவே முடியாது, விளைச்சல்ல பாதி, சத்துலயும் கம்மி. அப்ப ஏன் இத போடணும்? ஏன்னா அந்த 360 டன் எல்லாம் தண்ணி இருந்தா தான். பங்குனி கடைசில இருந்து ஆனி வரைக்கும் எங்க பக்கம் போர் எந்த நெலமைல இருக்கும்னு வேலூர்காரனுக்கு சொல்லணுமா, அக்னி நட்சத்திரத்துல மனுசனுக்கே குடத்துக்கு குடம் கணக்கு. அந்த மூணு மாசம் நேப்பியர் சாவாது, ஆனா ஏறாது, இலை நுனி சுருண்டு காஞ்சி அப்படியே நிக்கும். நம்மளுக்கு புல்லு வேணும்ங்கறது அந்த மூணு மாசத்துல தான், மழை காலத்துல வரப்பு புல்லே போதுமே. சோளம் அந்த வெயில்ல தண்ணி இல்லன்னா இலைய சுருட்டிகினு தூங்கும், ஒரு தண்ணி கெடச்சா மறுபடி எழுந்துக்கும் (அப்டி வர்ற துளுர ஒடனே மாட்டுக்கு போடாதீங்க, ஏன்னு கீழ வருது). அதே போர் தண்ணிய வெச்சு நேப்பியர் பத்து சென்ட் காப்பாத்தறதுக்குள்ள இது முப்பது சென்ட்ட இழுத்துகினு போவுது. இன்னொண்ணு, நேப்பியருக்கு கரணை (நடற தண்டுத் துண்டு) வேணும், ஏக்கருக்கு பதிமூணாயிரம் கரணை, வண்டி வாடகை, நட ஆளு. இதுக்கு ஒரு பை விதைய பைக்ல மாட்டிகினு வந்துடலாம். நேப்பியர் இலைல இருக்குற சுணையும் இதுல இவ்ளோ கெடயாது, அறுத்துட்டு வந்து கை முழுக்க கீறலோட பால் கறக்க ஒக்காந்தவங்களுக்கு அது தெரியும்.

உப்புத் தண்ணி பத்தி நெறய பேர் கேப்பீங்க, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருக்குறவங்க. சோளம் ஓரளவு உப்பு தாங்குற பயிரு தான், நெல்லு வராத எடத்துல இது வரும். அதுக்காக தோல் பதனிடற தண்ணி கலந்த கெணத்துல இருந்து பாச்சி பயிர் நல்லா வருதுன்னு மாட்டுக்கு போடாதீங்க. பயிரு தாங்கறது வேற, அது வழியா மாட்டுக்கு இன்னா போவுதுங்கறது வேற. பாலாத்து ஓரத்துல தண்ணி டெஸ்ட் பண்ணிட்டு போடுங்க, அவ்ளோ தான் சொல்லுவேன்.

இப்ப அந்த ஆபத்து. மொத தடவ இத அறுத்து தலையில வெச்சுகினு வரும்போது எங்க தெரு பெரியவரு ஒருத்தரு திண்ணைல இருந்தே கூப்டாரு, "இன்னாபா, பச்ச சோளத்த போயி மாட்டுக்கு போடற, கெறக்கம் வந்து உழுந்துடும்பா, எங்க நைனா காலத்துல ஒரே கட்டுல ரெண்டு மாடு போச்சு" ன்னாரு. நெறய பேர் இத கெழவங்க பேச்சுன்னு சிரிச்சுட்டு போயிடறாங்க. அவரு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. சோளத்தோட இளம் பயிர்ல துர்ரின்ங்கிற ஒரு பொருள் இருக்கு, மாடு மென்னு வயித்துக்குள்ள போனதும் அது உடைஞ்சு ஹைட்ரோசயனிக் அமிலமா மாறுது. சயனைடு குடும்பம் தான், வெளயாட்டு இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கும், ஆனா ஒடம்பால அத எடுத்துக்க முடியாது. வேகமா மூச்சு வாங்கும், வாயில நுரை தள்ளும், தள்ளாடி உழும், கொஞ்ச நேரத்துலயே கதை முடிஞ்சுடும்.

எப்ப அதிகம்னு தெரிஞ்சுகிட்டா பயப்பட வேண்டியதில்ல. மொளைச்சு 45 நாளுக்குள்ள இருக்குற பயிர்ல அதிகம். அறுத்த பெறவு வர்ற இளந்துளுர்ல அதிகம். தண்ணி இல்லாம வாடி குட்டையா நிக்கற பயிர்ல அதிகம், அப்டி வாடி நின்னது மேல ஒரு மழை பேஞ்சு திடீர்னு துளுத்தா அது தான் இருக்கறதுலயே மோசம். யூரியாவ அள்ளி கொட்டினதுலயும் ஏறும். பூ வந்த பெறவு கொறஞ்சுடும், அதனால தான் 65, 70 நாள்ல அறுன்னு சொல்றது, அந்த கணக்கு வெறும் விளைச்சலுக்காக வெச்சது இல்ல. அறுத்து நல்லா காய வெச்சாலும் கொறையும், சைலேஜா (காத்து போவாம மூடி புளிக்க வெக்கறது) போட்டாலும் கொறையும். சாயங்காலம் மாட்ட அவுத்து உடும்போது அறுத்த வயல்ல போயி துளுர மேயாம பாத்துக்கறது தான் முக்கியம். எங்க வீட்ல சுத்தி முள்ளு வேலி போட்டதே இதுக்கு தான், திருட்டுக்கு இல்ல. சந்தேகமா இருந்தா வெறும் வயித்துல போடாதீங்க, மொதல்ல வைக்கோல் கொஞ்சம் போட்டுட்டு அப்புறம் இத கொடுங்க.

மாடு அப்டி உழுந்துடுச்சுன்னா புளி கரைச்சு ஊத்தறேன், மோர் ஊத்தறேன்னு நேரத்த ஓட்டாதீங்க. ஒடனே 1962க்கு அடிங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரு. டாக்டர் கிட்ட சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட்னு ஊசி இருக்கு, நரம்புல போடணும், நேரத்துக்கு போட்டா பொழச்சுக்கும். போன்ல பேசும்போதே "சோளம் தின்னுச்சு" ன்னு சொல்லிடுங்க, அவங்க மருந்தோட வருவாங்க. நேப்பியர்ல இந்த தொல்லை இல்லங்கறதையும் நியாயமா சொல்லிடணும். வீட்ல பொறுப்பா பாக்க ஆள் இல்ல, பசங்க தான் மாட்ட புடிச்சு கட்டறாங்கன்னா, இந்த ரகம் உங்களுக்கு வேணாம்.

பால் ஏறுச்சான்னு கேட்டா, வைக்கோலும் தவுடுமா ஓட்டினத விட ஏறுச்சு, நேப்பியர் போட்ட காலத்த விட ஏறல. இந்த சோளம் போட்டேன் ரெண்டு லிட்டர் கூடுச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, அவன் வேற ஏதோ தீவனத்தையும் மாத்தி இருப்பான். புல்லு வகை எதுலயும் புரதம் பத்தாது, பயறு வகை ஒண்ணு சேத்தே ஆவணும். நாங்க வரப்புல வேலிமசாலும் அகத்தியும் வெச்சிருக்கோம், ஒரு மாட்டுக்கு சோளம் இருபது கிலோன்னா அது ஒரு அஞ்சு கிலோ. மல்லாட்டை (நிலக்கடலை) புடுங்கற சமயத்துல கொடி கெடைக்கும், அத இதோட கலந்து போட்டா மாடு தலைய தூக்காது. இப்டி கலந்து கொடுக்க ஆரம்பிச்ச பெறவு தான் பால் சொசைட்டில எஸ்என்எஃப் (பால்ல கொழுப்பு போக மிச்சம் இருக்குற சத்து) கம்மின்னு ரேட் புடிக்கறது நின்னுச்சு, அதுக்கு முன்ன வாரத்துல ஒரு நாளாவது மூஞ்ச தொங்கபோட்டுகினு வருவோம். கலப்பு தீவன மூட்டை செலவு கொஞ்சம் கொறஞ்சுது. ஒரேடியா நிக்கல, நிக்கவும் நிக்காது. வெள்ளாட்டுக்கும் நறுக்கி போடலாம், நல்லா தின்னுது.

விதைல தான் ஏமாத்து அதிகம், இங்க கொஞ்சம் கோவமாவே எழுதறேன். மொத தடவ ஒரு கடைல "31 தான் சார், கேரண்டி" ன்னு லேபிள் இல்லாத பாலிதீன் பைல கட்டி கொடுத்தாங்க. மொளைச்சது என்னவோ நல்லா தான் மொளைச்சுது, அறுத்த பெறவு பாத்தா பாதி கட்டை துளுக்கவே இல்ல, துளுத்ததும் ரெண்டு குச்சி தான், பழைய நாத்துச் சோளத்தையே கலந்து விலைய மட்டும் அஞ்சு மடங்கு போட்டு தள்ளிட்டாங்க. திரும்ப போய் கேட்டா உங்க மண்ணு சரியில்லன்றாங்க. அதே மண்ணுல தான் அப்புறம் நல்ல விதை போட்டு இப்ப அறுத்துகினு இருக்கேன்.

அதனால விதை வாங்கும்போது பைல அட்டை இருக்கான்னு பாருங்க. அரசு சோதிச்சு சான்று குடுத்த விதைன்னா நீல அட்டை, விக்கறவங்களே தரம் சொல்லி அட்டை போடற உண்மைநிலை விதைன்னா பச்சை. அட்டைல ரகம், லாட் நம்பர், எந்த தேதி டெஸ்ட் பண்ணாங்க, எவ்ளோ நாள் வரைக்கும் செல்லும் எல்லாம் இருக்கணும், முளைப்புத் திறன் 75 சதவீதத்துக்கு கொறையாம இருக்கணும். பில் இல்லாம வாங்காதீங்க, பில்லுல ரகம் பேரு எழுத சொல்லுங்க, எழுத மாட்டேன்னு சொன்னா அங்கயே தெரிஞ்சுடும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல, மேல்மொணவூர் கால்நடை பல்கலைக்கழக மையத்துல விதை இருக்கான்னு மொதல்ல கேட்டு பாருங்க, இல்லன்னாலும் எங்க கெடைக்கும்னு சொல்லுவாங்க. செவ்வாக்கெழம பொய்கை சந்தைக்கு போறவங்க அங்க மாட்டுக்காரங்க கிட்ட பேச்சு குடுங்க, யாரு வயல்ல இது நிக்குதுன்னு தெரிஞ்சுடும், நேர்ல ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் காச போடுங்க. நான் வாங்கும்போது கிலோ ஐநூறுக்கு மேல. கேக்க அதிகமா இருக்கும், ஆனா 30 சென்ட்டுக்கு தேவை முக்கா கிலோவுக்கும் கம்மி, அதுல ரெண்டு வருஷம் ஓடுதுன்னா ஒண்ணுமே இல்ல.

சொந்தமா விதை எடுக்கலாமான்னா எடுக்கலாம், ஒரு ஓரமா நாலு வரிசை கதிர் முத்த விட்டா போதும், ஆனா பக்கத்து வயல்ல வேற சோளம் பூத்து இருந்தா கலந்துடும், அடுத்த வருஷம் ரகம் ரகமா நிக்கும். குருவி, கிளி வேற விடாது, கதிருக்கு துணி கட்டணும். எடுத்த விதைய சூட்டோட விதைக்காதீங்க, புது விதை ஒடனே மொளைக்காது, ரெண்டு மாசம் ஆறப்போட்டுட்டு விதைங்க. மொளைக்கலன்னு நெறய பேர் சொல்றதுல பாதி இதனால தான்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒண்ணு கொறச்சது அந்த இளம் பயிர் விஷத்துக்கும் ஒவ்வொரு அறுப்புக்கும் கேக்கற உரத்துக்கும். இந்த ஐப்பசி மழைக்கு இன்னொரு இருபது சென்ட் சேத்து போடறோம், இந்த தடவ வரிசைக்கு நடுவுல தீவனத் தட்டப்பயறும் விதைச்சு ரெண்டையும் ஒண்ணா அறுக்கலாம்னு வீட்ல சொல்றாங்க, விதையும் வாங்கி வெச்சாச்சு.